அடையாள அட்டை அவசியம்

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூரு அல்சூரில் எங்களுக்கு ஒரு பாத்திரக்கடை இருக்கிறது. அப்பா தொடங்கியது. பேருக்குத்தான் பாத்திரக்கடை, ரொம்ப காலம் எங்களுக்குச் சோறு போட்டது கறுப்பு ட்ரங்க் பெட்டிதான். காரணம், பக்கத்திலேயே இருக்கிற மெட்ராஸ் சாப்பர்ஸ் மையம். 1780-இல் தொடங்கிய ராணுவப் பொறியாளர் படைப்பிரிவு. முழுப்பெயர் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், சுருக்கமாக எம்.இ.ஜி. எம்.இ.ஜி. என்றால் இந்த ஊரில் ஆட்டோக்காரர்கூட வழி சொல்வார். அந்தப் படைவீரர்களுக்கு ராணுவம் முழுக்க ஒரே பெயர், 'தம்பி'. பயிற்சி முடிந்து முதல் போஸ்டிங் போகிற தம்பி எங்கள் கடைக்கு வந்து பெட்டி வாங்குவார். மூடியின்மேல் வெள்ளை பெயிண்டில் நம்பர், ராங்க், பெயர் எழுத வேண்டும். பெயிண்டர் திண்ணையில் உட்கார்ந்து எழுதுவார். காயும்வரை தம்பி ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். எழுத்துக்கூலியை அப்பா வாங்கமாட்டார். கையில் காசு குறைந்தால், "ஊருக்குப் போய் மணியார்டர் அனுப்பு தம்பி" என்பார். யாரிடமும் அவர் அட்டை கேட்டு நான் பார்த்ததில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன குடியரசு தினத்துக்கு என் மகன் கடை வாசலில் ஒரு போர்டு வைத்தான். 'ராணுவத்தினருக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் 10% தள்ளுபடி. அடையாள அட்டை அவசியம்.' நல்ல காரியம்தானே என்று நானும் தலையாட்டினேன். அமெரிக்காவில் நவம்பர் 11 வந்தால் முன்னாள் வீரர்களுக்கு ஓட்டல்களில் இலவசச் சாப்பாடே உண்டு. இங்கேயும் விமான டிக்கெட்டில் படைவீரர்களுக்குச் சலுகை இருக்கிறது. நமக்கும் ஒரு முன்னாள் படைவீரர் தினம் உண்டு. நம் ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஜெனரல் கரியப்பா ஓய்வு பெற்ற நாள், 1953 ஜனவரி 14. அதை வைத்து 2016 முதல் கொண்டாடுகிறார்கள். ஆனால் அன்றைக்கு நாம் பொங்கல் பானையும் கரும்புமாக அலைந்துகொண்டிருப்போம், யாருக்கு ஞாபகம் இருக்கும்?

போர்டு வைத்த முதல் வாரமே ஒரு அம்மா இட்லிப் பானை எடுத்தார். கல்லாவில் நின்று, பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு ஜெராக்ஸைப் பிரித்தார். வீட்டுக்காரருடைய முன்னாள் படைவீரர் அட்டை. கல்லாவில் இருந்த பையன், "ஜெராக்ஸ் ஆகாதும்மா, ஒரிஜினல் வேணும். இல்லன்னா அவரே வரணும்" என்றான். "அவர் வரமாட்டாருப்பா" என்று மட்டும் சொன்னார். ஜெராக்ஸை மறுபடி நாலாக மடித்துக் கவரில் போட்டுவிட்டு முழு விலையையும் எண்ணி வைத்தார். நான் உள்ளே குக்கர் கேஸ்கெட் தேடிக்கொண்டிருந்தேன். விஷயம் தெரிந்து வெளியே ஓடி வருவதற்குள் ஆட்டோ ஏறிவிட்டார். இறந்துபோன வீரரின் மனைவிக்கென்று சைனிக் அலுவலகத்தில், அதாவது முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில், தனி அட்டையே தருவார்கள். அந்த அம்மா இன்னும் வாங்கியிருக்கவில்லை போலிருக்கிறது. பையன்மேல் தப்பில்லை. போர்டில் இருந்ததைத்தான் செய்தான்.

அடுத்து வந்தவர் சி.ஆர்.பி.எஃப்.பில், அதாவது மத்திய ரிசர்வ் போலீஸ் படையில், 21 வருஷம் இருந்தவர். அவருக்கு உண்டா, இல்லையா? மகன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "இல்லப்பா, அது உள்துறை அமைச்சகம். முன்னாள் படைவீரர்னா தரைப்படை, கடற்படை, விமானப்படைதான்" என்றான். சட்டப்படி அவன் சொன்னது சரி. ஆனால் 2019 பிப்ரவரி 14-ஆம் தேதி புல்வாமாவில் செத்துப்போன 40 பேரும் சி.ஆர்.பி.எஃப்.காரர்கள். அவர்களில் இரண்டு பேர் தமிழ்நாடு, ஒருவர் நம் பக்கத்து மண்டியா. அன்றைக்கு இந்த ஊரே மெழுகுவர்த்தி ஏற்றியது. அவர்களில் யாராவது உயிரோடு திரும்பி எங்கள் கடைக்கு வந்திருந்தால், போர்டுப்படி முழு விலைதான் கொடுத்திருக்க வேண்டும்.

அக்னிவீரர்கள் கதை இன்னும் சிக்கல். 2022-இல் வந்த திட்டப்படி நாலு வருஷ வேலை. அதன்பிறகு நூற்றுக்கு 25 பேர் வரைதான் படையில் தொடர முடியும். வெளியே வருகிறவர்களுக்கு மொத்தமாக ஒரு தொகை உண்டு. பென்ஷன் கிடையாது, சலுகை விலையில் சாமான் விற்கிற ராணுவக் கேன்டீன் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது என்று அப்போதே அறிவித்துவிட்டார்கள். அப்புறம் அந்தப் பிள்ளை எந்த அட்டையைக் காட்டுவான்?

இந்தச் சலுகையில் பணம் பெரிய விஷயமே இல்லை, பாருங்கள். கேன்டீனில் வரிச் சலுகையோடு விற்கிற மிக்ஸியின் விலைக்கு என்னால் எந்தக் காலத்திலும் இறங்க முடியாது. 600 ரூபாய்ப் பானையில் நான் விட்டுக்கொடுப்பது 60 ரூபாய். அதற்காக வயசானவர் ஒருவர் நாலு பேர் பார்க்கப் பர்ஸைத் துழாவி, தான் யார் என்று நிரூபிக்க வேண்டும் என்றால், அந்த 60 ரூபாயை நானே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

பெரிய கம்பெனிகள் விஷயம் வேறு. ஆகஸ்ட் 15 வந்தால் பேப்பரில் முழுப்பக்கத்துக்கு வீரவணக்கம் போடுவார்கள். அதே ஆபீஸ் வாசலில் காவலுக்கு நிற்பவர் பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து வந்தவர்தான். சிப்பாய்கள் நாற்பதை ஒட்டிய வயதிலேயே வெளியே வந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் படிக்கிற நேரம் அது. எங்கள் தெருவில் குடியிருக்கிற ரிட்டையர்டு ஹவில்தார் ஒருவர் அப்படித்தான் 12 மணி நேர டியூட்டி பார்க்கிறார். அவரிடம் தள்ளுபடி பற்றிக் கேட்டேன். சிரித்தார். "அண்ணே, எட்டு மணி நேரம் ஆக்கச் சொல்லுங்க, பாத்திரத்த நான் முழு விலைக்கே வாங்கிக்கிறேன்."

இன்னொரு கேள்வியும் கடைக்கு வந்தது. கரெண்ட் கம்பத்தில் ஏறுகிற லைன்மேன் ஒருவர் போர்டை நின்று படித்துவிட்டு, கன்னடத்தில், "நமகெ இல்வா?" என்றார். எங்களுக்கு இல்லையா என்று. மழையில் டிரான்ஸ்பார்மர் வெடித்தால் நடுராத்திரி வருகிறவர் அவர். பட்டாளத்துக்காரர் வருஷக்கணக்காக வீட்டைவிட்டு எங்கேயோ கிடக்கிறார், அது தனிதான் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவருக்கும் 10% போட்டுக் கொடுத்துவிட்டேன். அது பதில் ஆகாது, தெரியும்.

மகனிடம் போர்டை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்து உள்ளே வைத்தான். இப்போது ஜனவரி 14 வருகிறது, மறுபடி வைக்கலாமா என்று கேட்கிறான். வை, ஆனால் கடைசி வரியை அழித்துவிட்டு வை என்றேன். "கண்டவனெல்லாம் நான் மிலிட்டரின்னு வருவான்ப்பா" என்றான். வருவார்கள்தான். மாசத்துக்குப் பத்துப் பேர் ஏமாற்றினாலும் நஷ்டம் 600 ரூபாய். ஒரு பானையின் விலை. அவனுக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. கணக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான். பெட்டிகளில் பெயர் எழுதுகிற பெயிண்டர் வெள்ளிக்கிழமை வருகிறார். போர்டை அவரிடம் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

வணக்கம்.