நான்கு விலங்குகள், நான்கு விதச் சாட்சிகள்

வணக்கம் நேயர்களே.

இன்றைக்கு ஒரு வீடியோ கேமைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். வானொலியில் படம் காட்ட முடியாது. அதனால் கொஞ்சம் கூடுதலாக வர்ணிப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விலங்கியல் நடத்துகிற ஆசிரியனுக்கு வீடியோ கேமில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். பரிணாமம் பற்றி வகுப்பில் எழும் கேள்விகளில் பல இப்போது பாடப் புத்தகத்திலிருந்து வருவதில்லை, கேமிலிருந்து வருகின்றன. “சார், டைனோசருக்கு நிஜமாகவே இறகு இருந்ததா, இல்லை கேம்காரர்கள் அழகுக்காக ஒட்டிவிட்டார்களா?” என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. ஒரு வரியில் ‘இருந்தது’ என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் எந்த டைனோசருக்கு, அது நமக்கு எப்படித் தெரியும் என்று தோண்ட ஆரம்பித்தால் விஷயம் நீண்டுகொண்டே போகிறது.

அவன் கேட்டது ‘ஜுராசிக் வேர்ல்டு எவல்யூஷன் 2’ என்ற கேமைப் பற்றி. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருக்கும் ஃப்ரன்டியர் டெவலப்மென்ட்ஸ் என்ற நிறுவனம் உருவாக்கியது. 2021 நவம்பரில் வெளிவந்தது. இது சுட்டுத் தள்ளுகிற கேம் இல்லை. நீங்கள் ஒரு டைனோசர் பூங்காவின் நிர்வாகி. வேலி போட வேண்டும், மின்சாரம் கொண்டுவர வேண்டும், வருகிறவர்களுக்குக் கடைகளும் தங்கும் விடுதியும் கட்ட வேண்டும். விஞ்ஞானிகளை அனுப்பிப் புதைபடிவங்களைத் தோண்டி எடுக்க வேண்டும், அதிலிருந்து மரபணுவைப் பிரிக்க வேண்டும், முட்டையை அடைகாத்துக் குஞ்சு பொரிக்க வைக்க வேண்டும். பிறந்த விலங்குக்கு இவ்வளவு காடு, இவ்வளவு தண்ணீர், இத்தனை துணை என்று கணக்கு உண்டு. அது சரியில்லை என்றால் வேலியை முட்டும். புயல் அடித்து மின்சாரம் போனால் அப்புறம் உங்கள் பாடு திண்டாட்டம்தான்.

இதில் மரபணு எடுக்கிற சங்கதி மட்டும் நடக்காத காரியம். இதுவரை மீட்டெடுத்த டி.என்.ஏ.க்களில் மிகப் பழையது கிரீன்லாந்து மண்ணிலிருந்து கிடைத்தது. அதற்கு வயது சுமார் 20 லட்சம் ஆண்டுகள். பறவைகள் நீங்கலாக டைனோசர்கள் அழிந்தது 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. எட்டவே எட்டாது. ஆனால் கதைக்குக் கால் ஏது? அதை விட்டுவிடுவோம்.

2023 மார்ச் 30 அன்று இந்தக் கேமுக்குத் தனியாகக் காசு கொடுத்து வாங்குகிற கூடுதல் தொகுப்பு ஒன்று வந்தது. அதில் நான்கு விலங்குகள், நான்கும் மேலே தூவியோ இழையோ போர்த்தியவை. சைனோசாரோடெரிக்ஸ், யூட்டிரானஸ், டைனோகைரஸ், ஜெஹோலோப்டெரஸ். பெயர்கள் வாயில் நுழையாது என்று பயப்பட வேண்டாம், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். திரையில் நான்கும் ஒரே தைரியத்தோடு உலாவுகின்றன. ஆனால் அவற்றின் போர்வைக்குப் பின்னால் இருக்கும் சாட்சியங்கள் ஒரே தரத்தவை இல்லை. எனக்குச் சுவையாகப் பட்டது அதுதான்.

முதலில் சைனோசாரோடெரிக்ஸ். நான்கில் தரையில் நடப்பவற்றில் ஆகச் சிறியது, வாலையும் சேர்த்து ஒரு மீட்டர் நீளம்தான். அந்த வாலே உடம்பில் பாதிக்கு மேல். 1996இல் வடகிழக்குச் சீனாவின் லியாவ்னிங் மாகாணத்தில் ஒரு விவசாயி இதைக் கண்டெடுத்தார். ஏட்டைப் பிரிப்பதுபோல் பாறைப் பலகையை இரண்டாகப் பிளந்தபோது இரு பக்கமும் ஒரே விலங்கின் பதிவு இருந்தது. அவர் ஒரு பாதியை ஓர் அருங்காட்சியகத்துக்கும் மறு பாதியை வேறு நிறுவனத்துக்கும் விற்றுவிட்டார்! ஒரே விலங்கின் ஒரு பாதி பெய்ஜிங்கிலும் இன்னொரு பாதி நாஞ்சிங்கிலும் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பலகையை மனக்கண்ணில் பாருங்கள். சாம்பல் நிறப் பாறை. கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு கிடக்கும் எலும்புக்கூடு. தலை உச்சியில் தொடங்கி முதுகு வழியாக வால் நுனி வரைக்கும் ஒரு கருமையான ஓரம், குதிரைக்குப் பிடரிமயிர் இருக்குமே அந்த மாதிரி. உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் அந்த ஓரம் முழுக்க மெல்லிய இழைகள். அந்த ஆண்டு நியூயார்க்கில் நடந்த தொல்லுயிரியலாளர் கூட்டத்துக்கு இதன் புகைப்படம் வந்தது. பறவைகள் டைனோசர்களிலிருந்து வந்தவை என்று பல காலமாக வாதாடிவந்த யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் ஆஸ்ட்ரோம் அதைப் பார்த்து ஆடிப்போனார். அவர் எலும்பை மட்டும் வைத்துச் சொல்லிவந்ததற்கு இப்போது தூவியே சாட்சி சொல்ல வந்துவிட்டது.

உடனே எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். அது தூவி இல்லை, அழுகிய தோலிலிருந்து பிரிந்த கொலாஜன் என்ற புரத நார்தான் என்று ஒரு தரப்பு பல ஆண்டுகள் விடாப்பிடியாக நின்றது. 2010இல் அந்த இழைகளை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். உள்ளே மெலனோசோம்கள், அதாவது நிறமியை வைத்திருக்கும் நுண்ணிய பைகள், இருந்தன. இன்றைய பறவைகளின் இறகுகளில் கறுப்பு நிறம் தரும் பைகள் நீளவாக்கில் இருக்கும், செம்பழுப்பு தருபவை உருண்டையாக இருக்கும். இதன் வாலில் கிடைத்தவை உருண்டையானவை. அதுவும் வாலில் விட்டுவிட்டுத்தான் இருந்தன. இடைப்பட்ட பட்டைகளில் ஒன்றும் இல்லை. ஆக, செம்பழுப்பும் வெளுப்பும் மாறி மாறி வந்த வளையங்கள் கொண்ட வால்.

12 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழைய ஒரு விலங்கின் வால் நிறம் நமக்குத் தெரியும் என்பதை நான் எத்தனை முறை வகுப்பில் சொன்னாலும் எனக்கே நம்பக் கடினமாக இருக்கிறது. 2017இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் இன்னும் ஒரு படி போனார்கள். முதுகு அடர்நிறம், வயிறு வெளிர்நிறம், கண்ணைச் சுற்றி அடர்நிறப் பட்டை என்று வரைபடமே போட்டுவிட்டார்கள். நிழல் எங்கே விழும் என்று கணக்கிட்டு, இது அடர்காட்டில் அல்ல, வெளிச்சம் நேராக விழும் திறந்த வெளியில் வாழ்ந்திருக்கும் என்றும் சொன்னார்கள்.

அடுத்தது யூட்டிரானஸ். அதே லியாவ்னிங் மாகாணம், ஏறக்குறைய அதே காலம். ஆனால் உருவம் வேறு. சுமார் ஒன்பது மீட்டர் நீளம், எடை 1,400 கிலோ. டிரானோசாரஸ் ரெக்ஸின் தூரத்துச் சொந்தம், அதைவிட ஆறு கோடி ஆண்டு மூத்தது. சீன ஆய்வாளர் ஷூ ஷிங்கும் அவர் குழுவும் 2012இல் ‘நேச்சர்’ இதழில் இதை அறிவித்தார்கள். ஒன்றல்ல, மூன்று எலும்புக்கூடுகள், மூன்றிலும் இழைகளின் பதிவு உண்டு. கழுத்துப் பக்கம் இழைகள் 20 சென்டிமீட்டர் வரை நீளம்.

சின்ன விலங்குக்குத் தூவி இருந்ததை ஏற்பதில் யாருக்கும் பெரிய சங்கடம் இல்லை. உடம்பு சிறிதானால் சூடு சீக்கிரம் வெளியேறும், போர்வை வேண்டும். பெரிய உடம்புக்குச் சூட்டை வெளியேற்றுவதே பெரிய பாடு. யானைக்கு ஏன் கம்பளி இல்லை என்று யோசித்தால் புரியும். அப்படியிருக்க ஒன்றரை டன்னை நெருங்கும் வேட்டை விலங்குக்கு எதற்கு இந்த அங்கி? அந்தக் காலத்தில் அந்தப் பகுதியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை பத்து டிகிரிக்குப் பக்கம்தான் என்று ஆக்சிஜன் ஐசோடோப்புகளை, அதாவது எடை சற்று வேறுபடும் ஆக்சிஜன் அணுக்களை, வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். குளிர்காலத்தில் உறைபனி இருந்திருக்கும். அதனால் போர்வை என்பது ஒரு விளக்கம். ஜோடியைக் கவர, எதிரியை மிரட்ட என்றும் சொல்லலாம். இரண்டுமே இருந்திருக்கலாம்.

யூட்டிரானஸைப் பார்த்துவிட்டு டிரானோசாரஸ் ரெக்ஸுக்கும் இப்படி ஒரு கோட்டு மாட்டிவிடப் பலருக்கு ஆசை வந்தது. 2017இல் ரெக்ஸின் தோல் பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை வந்தது. கழுத்து, இடுப்பு, வால் என்று கிடைத்த துண்டுகளில் எல்லாம் செதில்தான். கூட்டம் கொஞ்சம் அடங்கியது. உறவுக்காரனுக்கு இருந்தால் இவனுக்கும் இருந்தாக வேண்டும் என்ற கணக்கு எப்போதும் பலிக்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த விலங்குக்கு இது தேவைப்படும்.

அடுத்த விலங்கு டைனோகைரஸ். இதன் கதையைத் தனியாக ஒரு மணி நேரம் பேசலாம். 1965 ஜூலையில் மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் போலந்து–மங்கோலியக் கூட்டுப் பயணத்தின்போது சோஃபியா கீலான்–யவொரோவ்ஸ்கா இதைக் கண்டார். கிடைத்தது இரண்டு கைகளும் சில துண்டு எலும்புகளும்தான். ஒவ்வொரு கையும் 2.4 மீட்டர் நீளம், நுனியில் நீண்ட நகங்கள். அவ்வளவுதான். உடம்பு இல்லை, தலை இல்லை. 1970இல் பெயர் வைத்தார்கள். அதற்கப்புறம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கைகளின் சொந்தக்காரர் யார் என்று ஆளுக்கொரு பூதத்தைக் கற்பனை செய்துகொண்டிருந்தார்கள்.

2006இலும் 2009இலும் கொரிய–மங்கோலியக் குழுவுக்கு இரண்டு எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஆனால் ஒன்றில் தலையையும் கைகால் எலும்புகளில் சிலவற்றையும் திருடர்கள் முன்பே பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். அவை ஐரோப்பாவில் தனியார் சேகரிப்பு ஒன்றில் இருப்பது பின்னால் தெரியவந்தது. 2014 மே மாதம் மங்கோலியாவுக்குத் திரும்பின. அதே ஆண்டு லீ யுவோங்–நாம் குழுவினர் முழு உருவத்தை வெளியிட்டார்கள். பூதம் எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம், எனக்கோ கொண்டாட்டம். பதினொரு மீட்டர் நீளம், ஆறு டன்னுக்கு மேல் எடை, முதுகில் திமில், வாத்து மாதிரித் தட்டையான வாய், பல்லே கிடையாது. வயிற்றுப் பகுதியில் உணவை அரைக்க விழுங்கிய கூழாங்கற்கள் ஆயிரத்து நானூறுக்கு மேல், கூடவே மீன் செதில்களும் முள்ளெலும்புகளும். சதுப்பில் நின்றுகொண்டு செடியையும் மீனையும் வாரிப்போட்டுத் தின்ற சாது.

இனி இறகுக்கு வருவோம். டைனோகைரஸின் எந்த எலும்புக்கூட்டோடும் ஒரு தூவிகூடக் கிடைக்கவில்லை. அப்புறம் எப்படிக் கேமில் சடை சடையாகத் தொங்குகிறது? இரண்டு காரணங்கள். நெருங்கிய உறவான ஆர்னிதோமிமஸுக்கு இறகு இருந்ததற்கு கனடாவில் பதிவு கிடைத்திருக்கிறது. அடுத்து, டைனோகைரஸின் வால் நுனி எலும்புகள் ஒன்றோடு ஒன்று இணைந்திருக்கின்றன. இறகு விசிறி வைத்திருக்கும் விலங்குகளில் அந்த அமைப்பு காணப்படுகிறது. ஆகவே வால் நுனியில் ஒரு விசிறி இருந்திருக்கும் என்பது நியாயமான ஊகம். ஆறு டன் உடம்பு முழுக்கப் போர்த்தியிருந்ததா என்பது? யானைக் கணக்கும் ரெக்ஸ் கணக்கும் இங்கே குறுக்கே நிற்கின்றன. கலைஞர்கள் தாராளமாக வாரி வழங்கிவிட்டார்கள் என்று எனக்குப் படுகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, அதை மறுக்கவில்லை.

நான்காவது ஜெஹோலோப்டெரஸ். இது டைனோசரே இல்லை, டெரோசார் என்ற பறக்கும் ஊர்வன இனம். இறக்கையை விரித்தால் தொண்ணூறு சென்டிமீட்டர். அகன்ற வாய், பூச்சி பிடித்துத் தின்னும். கேமில் இதைப் பெரிய பறவைக்கூண்டில்தான் வளர்க்க முடியும். சீனாவின் இன்னர் மங்கோலியாவில் கிடைத்து 2002இல் பெயர் பெற்றது. உடம்பைச் சுற்றி அடர்த்தியான மென்மயிர் இருந்தது புதைபடிவத்திலேயே தெரிகிறது. ஆனால் அது இறகா, வேறு ஏதோ இழையா என்பதில் இன்றும் சண்டைதான். கிளை பிரியும் இழைகள் சில டெரோசார்களில் இருந்தன என்று 2018இல் ஒரு கட்டுரை சொன்னது. இல்லை என்று 2020இல் மறுப்பு வந்தது. 2022இல் பிரேசில் நாட்டு டெரோசார் ஒன்றில் கிளையுள்ள இழைகளும் பல வடிவ மெலனோசோம்களும் இருப்பதாக இன்னொரு கட்டுரை வந்தது. அது உண்மையானால் இறகு என்பது டைனோசர்கள் தோன்றுவதற்கும் முன்னால், இரு குலத்துக்கும் பொதுவான பாட்டனிடமே தொடங்கியிருக்கும்.

கேமில் விலங்குகளின் மேல்தோல் நிறத்தையும் வரியையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். நான்கில் வால் வரை நிறம் தெரிந்தது சைனோசாரோடெரிக்ஸுக்கு மட்டும். அதற்கும் பிடித்த நிறத்தைப் போட்டுக்கொள்ள நமக்கு உரிமை உண்டு, யாரும் தடுக்க மாட்டார்கள். மற்ற மூன்றுக்கும் நீங்கள் எதைப் போட்டாலும் தவறென்று நிரூபிக்க என்னிடம் கையில் ஒன்றும் இல்லை.

கேம்காரர்கள் மேல் எனக்கு இருக்கும் ஒரே குறை வேறு விலங்கைப் பற்றியது. வெலோசிராப்டர். 1993இல் வந்த ஜுராசிக் பார்க் படம்தான் அதற்கு மொட்டைத் தோல் கொடுத்துப் பிரபலமாக்கியது. படத்தின் வழி வந்த கேம் என்பதால் அதே தோலோடுதான் இங்கேயும் திரிகிறது. மங்கோலியாவில் கிடைத்த வெலோசிராப்டரின் முன்கை எலும்பில் இறகுத் தண்டுகள் பதியும் முடிச்சுகள் வரிசையாக இருப்பதை 2007இல் ‘சயன்ஸ்’ இதழில் காட்டினார்கள். இன்றைய பறவைகளின் எலும்பில் இருப்பவை போன்ற அதே முடிச்சுகள். ஒரு தூவிகூடக் கிடைக்காத டைனோகைரஸ் அதே பூங்காவில் சடை வளர்த்துக்கொண்டு நிற்கிறது. எலும்பிலேயே அடையாளம் வைத்திருப்பதோ பக்கத்துக் கூண்டில் இன்னும் வெறும் தோலோடு நிற்கிறது.

நன்றி, வணக்கம்.