கிராஃபைட்டுக்கும் சோடியத்துக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை?

வணக்கம் மக்களே. லித்தியத்தை எடுத்துவிட்டு அதே பேட்டரிக்குள் சோடியத்தைப் போட்டால் போதும், விலை குறைந்துவிடும் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சோடியம் கொட்டிக் கிடக்கிறதே! ஆனால் மாட்டிக்கொள்ளும் இடம் ஆனோட், அதாவது பேட்டரியின் எதிர்முனை. லித்தியம் பேட்டரியில் அது பெரும்பாலும் கிராஃபைட், பென்சிலில் இருக்கும் அதே அடுக்கடுக்கான கார்பன்.

லித்தியம் கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். கணக்குப்படி ஒரு கிராம் கிராஃபைட்டில் 372 மில்லி ஆம்பியர்-மணி வரை மின்னூட்டம் சேமிக்கலாம். சோடியம் கிட்டத்தட்ட போகவே போகாது. அயனி பெரிது, நுழைய இடமில்லை என்று பல பேர் சொல்வார்கள். சரி, அப்படியென்றால் அதைவிடப் பெரிய பொட்டாசியம் மட்டும் எப்படி நுழைகிறது? அது நன்றாகவே நுழைகிறது! விஷயம் அளவில் மட்டும் இல்லை, ஆற்றல் கணக்கில் இருக்கிறது: அடுக்குகளை விலக்க ஆகும் செலவுக்கு, கார்பனோடு சேர்வதில் சோடியத்துக்குக் கிடைக்கும் லாபம் கட்டுபடியாகாது, அதற்கு உலோகமாகவே படிந்துவிடுவது மேல். (எலக்ட்ரோலைட், அதாவது அயனிகள் நீந்திப் போகும் திரவம், ஈதர் வகைக் கரைப்பானில் செய்ததாக இருந்தால் சோடியம் அந்தக் கரைப்பானையும் கூட்டிக்கொண்டு உள்ளே போகும், அது தனிக்கதை.)

அதனால்தான் ஹார்ட் கார்பன். தேங்காய் ஓடு, மரம், சர்க்கரை என எதையாவது காற்றில்லாமல் ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டால் வரும் கரி. அடுக்குகள் ஒழுங்கில்லாமல், கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டு மாதிரி கிடக்கும், நடுவே குட்டிக் குட்டி வெற்றிடங்கள். 2000-இல் ஸ்டீவன்ஸ், டான் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதில் கிராமுக்கு 300 மில்லி ஆம்பியர்-மணி அளவில் சோடியத்தைச் சேமித்துக் காட்டினார்கள். ஆனால் அந்தச் சோடியம் அடுக்குகளுக்கு நடுவே இருக்கிறதா, வெற்றிடங்களிலா என்ற சண்டை அப்புறமும் ஓயவில்லை, எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த பகுதி.

குறையும் உண்டு. முதல் சார்ஜிலேயே கொஞ்சம் சோடியம் திரும்பி வராமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். சேமிப்பில் பெரும்பங்கு, சோடியம் உலோகமாகப் படியும் மின்னழுத்தத்துக்குப் பக்கத்திலேயே நடப்பதால், அவசரமாக சார்ஜ் ஏற்றினால் மேலே உலோகம் படியும் ஆபத்தும் இருக்கிறது.

ஒரு நல்ல செய்தி: லித்தியம் போல் இல்லாமல், சோடியம் அலுமினியத்தோடு கலக்காது. எனவே ஆனோட் பக்கமும் மின்சாரத்தைக் கடத்தும் தாமிரத் தகட்டுக்குப் பதில் மலிவான அலுமினியமே போதும், பேட்டரியைப் பூஜ்ஜியம் வோல்ட் வரை இறக்கிவிட்டுப் பயமில்லாமல் அனுப்பவும் முடியும்.

கேத்தோடு, அதாவது நேர்முனைப் பக்கம் பிரஷ்யன் நீலம், ஆமாம், பெயின்டில் போடும் அதே நிறமிக் குடும்பம்தான், அதன் படிகத்துக்குள் ஒட்டிக்கொள்ளும் தண்ணீரை விரட்டுவது பெரும்பாடு. அதை அடுத்த வீடியோவில் பார்ப்போம்.