ஓசை ஒன்று, பொருள் வேறு

வணக்கம் நேயர்களே. ஒரே மாதிரி ஒலிக்கிற ஆங்கில வார்த்தைகளையும் அவற்றின் பொருளையும் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். பென்னாகரம் பக்கத்துப் பள்ளிகளில் ரொம்ப வருஷம் ஆங்கிலம் நடத்தியவள் நான். ஒன்றாம் வகுப்புக் குழந்தையை எழுப்பிவிட்டால் ஹென், பென், டென், மென் என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கும். சரி கண்ணு, ஹென் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், பேசாமல் நிற்கும். அந்தக் குழந்தையின் வீட்டு வாசலில் நாலு கோழி மேய்ந்துகொண்டிருக்கும், புத்தகத்தில் வருகிற ஹென் அதுதான் என்று யாரும் அதற்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். இது எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாகத்தான் இருக்கிறது. ஓசையை மட்டும் கொடுத்துவிட்டுப் பொருளைக் கொடுக்காமல் விடுவது பிள்ளைக்குச் செய்கிற அநியாயம்.

ஓசையை வைத்துப் பொருள் படிப்பது நமக்குப் புதுசா என்ன? திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் பிள்ளைகள் சூடாமணி நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். நிகண்டு என்றால் சொற்களுக்குப் பொருள் சொல்கிற பழைய செய்யுள் நூல். மண்டல புருடர் எழுதியது. அதில் பதினோராவது தொகுதி, ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்கிற தொகுதி, எதுகை வரிசையில்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. ககர எதுகை என்று ஆரம்பித்து, ஒலி ஒத்த சொற்களை ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் என்னென்ன பொருள் என்று சொல்லிக்கொண்டே போகும். ஓசை ஞாபகத்தில் நிற்கும், ஓசையோடு பொருளும் சேர்ந்து நிற்கும். லண்டனில் ஜான் வாக்கர் என்பவர் 1775-இல் ஓர் ஆங்கில அகராதி போட்டார், அதில் வார்த்தைகள் முதல் எழுத்தை வைத்து இல்லை, கடைசி எழுத்துகளை வைத்து அடுக்கியிருக்கும். எதுகை நமக்கு இரண்டாம் எழுத்தில் வரும், அவர்களுக்கு ஒற்றுமை கடைசியில் வரும், நம் இலக்கணத்தில் இயைபு என்போமே, கிட்டத்தட்ட அது.

இப்போது ஒரு கூட்டத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். லம்ப், பம்ப், ஹம்ப், ஸ்டம்ப், கிளம்ப். களி கிண்டும்போது மாவு சரியாகக் கரையாமல் உருண்டை உருண்டையாக நிற்குமே, அந்தக் கட்டிதான் லம்ப். சாலையில் வேகத்தடையை ஸ்பீடு பம்ப் என்கிறோம், தலையில் அடிபட்டு வீங்கினாலும் அது பம்ப்தான். ஹம்ப் என்றால் திமில். நம்ம ஊர் ஆலம்பாடி மாட்டைக் காட்டி இதுதான் ஹம்ப் என்று சொல்லிக்கொடுத்தால் எந்தப் பிள்ளையும் மறக்காது. மரத்தை வெட்டின பிறகு மிச்சம் நிற்கிற அடிக்கட்டை ஸ்டம்ப், மூங்கில் ஒரே இடத்தில் கூட்டமாக வளர்ந்தால் அது கிளம்ப். கவனித்தீர்களா, எல்லாமே திரண்டு நிற்கிற, புடைத்து நிற்கிற சமாச்சாரம்! அதே மாதிரி கிராஷ், ஸ்மாஷ், கிளாஷ், ஸ்பிளாஷ், எல்லாவற்றிலும் ஒரு மோதல் இருக்கிறது, ஒகேனக்கல்லில் தண்ணீர் பாறையில் விழுந்து சிதறுவதைச் சொல்லக் கடைசி வார்த்தை அப்படியே பொருந்தும். இப்படி ஒலியும் பொருளும் ஒட்டிக்கொண்டு வருவதை மொழியியல்காரர்கள் கவனித்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் இதை விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஜம்ப் என்றால் குதிப்பது, கேஷ் என்றால் பணம், அதெல்லாம் இந்தக் கூட்டத்தில் சேராது.

பெரும்பாலான வார்த்தைகளில் ஓசை ஒத்துப்போவது தற்செயல்தான். வூம் என்றால் கருப்பை, டூம் என்றால் கல்லறை. பிறப்பும் சாவும் ஒரே ஓசையில்! ஆனால் முதல் சொல் பழைய ஆங்கிலத்தில் வயிறு என்ற பொருளில் இருந்தது, இரண்டாவது கிரேக்கத்திலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, இரண்டுக்கும் உறவே கிடையாது. தமிழில் கருவறை, கல்லறை என்கிறோம், அங்கே ஓசை ஒத்துப்போகக் காரணம் இரண்டிலும் அறை இருக்கிறது. இன்னொன்று, அந்த இரண்டு ஆங்கில வார்த்தைகளைப் போலவே எழுத்து முடிகிற கோம், அதாவது சீப்பு, அப்புறம் பாம், அதாவது வெடிகுண்டு, இரண்டும் இவற்றோடு ஓசையில் சேராது. கண்ணுக்கு ஒன்று, காதுக்கு வேறு.

ஏன் இப்படி என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது ரொம்பச் சுலபம், ஏனென்றால் அவர்கள் காதில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒன்றாக விழுகிறது. நம் பால் கன்னடத்தில் ஹாலு, புலி ஹுலி, பத்து ஹத்து, பல் ஹல்லு. தனியாக ஒரு வார்த்தை மாறவில்லை, ஓர் ஒலி மாறினது, அந்த ஒலியில் ஆரம்பிக்கிற வார்த்தைகள் பெரும்பாலும் மந்தை திரும்புகிற மாதிரி சேர்ந்து திரும்பிவிட்டன. ஆங்கிலத்திலும் சுமார் 1400-இலிருந்து 1700 வரை நெடில் உயிர்கள் மொத்தமாக இடம் மாறின. ஹவுஸ், மவுஸ், அதாவது வீடு, சுண்டெலி, முன்பு ஹூஸ், மூஸ் என்றுதான் இருந்தன. இரண்டும் சேர்ந்தே மாறினதால் இன்றைக்கும் ஓசை ஒத்துப்போகிறது. சாப்பாட்டுக்கு ஃபூட், நல்லதுக்கு குட், ரத்தத்துக்கு பிளட், இந்த மூன்றும் ஒரு காலத்தில் நீண்ட ஓ ஓசையோடு ஒன்றாக ஒலித்தவைதான். பிறகு ஒன்று முன்னால் குறுகியது, ஒன்று பின்னால் குறுகியது, ஒன்று குறுகவே இல்லை. எழுத்தில் மட்டும் இரண்டு ஓ அப்படியே உட்கார்ந்திருக்கிறது. 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சுக்கூடம் கொண்டுவந்தார். ஒலி மாறிக்கொண்டே இருந்த காலத்திலேயே எழுத்து மெல்ல மெல்ல நிலைத்துவிட்டது. ஆகவே ஸ்பெல்லிங் தப்பாகிறது என்று பிள்ளையின் தலையில் குட்டாதீர்கள்.

வீட்டில் செய்ய ஒரு வேலை சொல்கிறேன். பழைய நோட்டு ஒன்று எடுங்கள், பக்கத்துக்கு ஓர் ஓசை. நைட், லைட், ஃபைட், ரைட் என்று ஒரு பக்கம். வார்த்தையைப் பிள்ளையே காதால் கேட்டுச் சொல்லட்டும், பக்கத்திலேயே தமிழில் பொருளை எழுதட்டும், அப்புறம் தன் வீட்டில், தன் தெருவில் இருக்கிற ஏதாவது ஒன்றை வைத்து ஒரு சின்ன வாக்கியம் சொல்லட்டும். பொருள் சொல்லத் தெரியாத வார்த்தை நோட்டில் ஏறக்கூடாது. அம்மா அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அது என்ன சாமி, எனக்குச் சொல்லு என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும், பிள்ளை சொல்லிக்கொடுக்கும். நன்றி, வணக்கம்.