நடனத்துக்கு வாசித்த பேக்பைப்

நேயர்களுக்கு வணக்கம். ஸ்காட்லாந்தின் காற்றுப்பை வாத்தியமான ஹைலண்ட் பேக்பைப் என்றதும் நம் கண்முன் வருவது கில்ட் என்னும் மடிப்புப் பாவாடை அணிந்து அணிவகுக்கும் இராணுவ வாத்தியக்குழுதான். அதுவே இந்த இசையின் அசல் என்று முடிவு கட்டுமுன், கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் உள்ள கேப் பிரட்டன் தீவை ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும் மேற்குத் தீவுகளிலும் வாழ்ந்த கேலிக் மொழிக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் அங்கே குடியேறின. அவர்களோடு போன வாசிப்பு பெரும்பாலும் நடனத்துக்கானது. வாசிப்பவர் நாற்காலியில் அமர்ந்து காலால் தாளம் தட்டுவார். பாடத்தைக் காதால் கேட்டோ, ஏறக்குறைய நம் சொற்கட்டைப் போல வாயால் பாடிக்காட்டும் கேலிக் முறையிலோ கற்றிருப்பார்.

இந்தக் கருவியில் இடையில் ஒலியை நிறுத்தவும் முடியாது, கூட்டிக் குறைக்கவும் முடியாது. மூன்று சுருதிக்குழல்கள் நாகசுரத்தின் ஒத்தைப் போல விடாமல் ஒலிக்க, ஒன்பதே சுரங்கள் உள்ள வாசிப்புக்குழலில் ஒரே சுரம் இருமுறை வரவேண்டுமானால், நடுவே கண்ணிமைக்கும் நேரத்தில் வேறொரு சுரத்தைத் தொட்டு மீள வேண்டும். அந்தத் தொடுசுரங்களை எங்கே, எவ்வளவு வைக்கிறார் என்பதில்தான் ஒருவருடைய பாணி தெரியும்.

தாயகத்திலோ 1781இல் ஃபால்கிர்க்கில் தொடங்கிய போட்டிகளும், இராணுவப் பயிற்சியும், அச்சிட்ட சுரக்குறிப்பும் அந்தத் தொடுசுரங்களை மெல்ல மெல்ல ஒரே அளவுக்குள் கொண்டுவந்தன. வாசிப்பு நுட்பமானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆடுபவரின் காலைவிட நடுவரின் காதே அதற்கு முக்கியமாயிற்று. 1938இல் கேப் பிரட்டனின் செயின்ட் ஆன்ஸில் கேலிக் கல்லூரி தோன்றிய பிறகு அந்தப் புதிய பாணி அங்கும் வேரூன்றியது. உள்ளூர்ப் பெரியவர்கள் வாசித்தது பிழையான வாசிப்பாகத் தோன்றத் தொடங்கியது. பழையதை வைத்திருந்தவர்களுக்கே 'மரபு' கற்பிக்கப்பட்டது என்பது எனக்கு இன்றும் உறுத்தலாக இருக்கிறது.

அதற்காகக் கேப் பிரட்டனைப் பழமை மாறாத பேழையாக்குவதும் தவறு. பிடிலும் பியானோவும் அங்கே இசையை வேறு திசைக்குத் திருப்பியிருக்கின்றன. அவர்களுடைய ஸ்டெப் டான்ஸ் என்னும் காலடி நடனம் முழுக்க ஸ்காட்லாந்திலிருந்தே போனதா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆயினும் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவிலுள்ள சபால் மோர் ஓஸ்டைக் கல்லூரிக்கு அந்த ஆட்டத்தைக் கற்பிக்கக் கேப் பிரட்டனிலிருந்துதான் ஆசிரியர்கள் வந்தார்கள்.