புல்லுக்கு முன்னால் தோற்ற நெருப்பு

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். மற்ற வணக்கங்களை என் அணித்தலைவரே சொல்லி முடித்துவிட்டார், என் நேரத்தையும் சேர்த்து.

தலைப்பு, 'வெற்றி வந்த வேளையில் மனிதனுக்கு வேண்டியது தன்னம்பிக்கையா, தெய்வ நம்பிக்கையா?' எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, தெய்வ நம்பிக்கை பக்கம் பேசும் எங்களுக்கு ஒரு பட்டம் கொடுத்தார்: 'கடவுளின் பி.ஆர்.ஓ.க்கள்', அதாவது மக்கள் தொடர்பு அதிகாரிகள். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன், என் தலைவர் முறைத்தார். அதோடு விட்டாரா தம்பி? 'வென்றால் கடவுள் அருள், தோற்றால் நீ சரியாக உழைக்கவில்லை. இது என்ன கணக்கு?' என்று வேறு கேட்டார். வருகிறேன் தம்பி. முதலில் ஒரு கதை.

கேன உபநிடதத்தில் வருகிறது. தேவர்கள் ஜெயித்துவிட்டார்கள். ஜெயித்தால் என்ன செய்வோம்? 'எல்லாம் நம்மால்தான்' என்று ஆளாளுக்குத் தோளைத் தட்டிக்கொள்வோம். அவர்களும் அதைத்தான் செய்தார்கள். அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு யட்சன் வந்து நிற்கிறான். யாரென்று யாருக்கும் விளங்கவில்லை. 'போய்ப் பார்த்து வா' என்று அக்கினியை அனுப்புகிறார்கள். யட்சன் கேட்கிறான், 'நீ யார்?'

ஐயா, ஜெயித்தவனைப் பார்த்துக் கேட்கக்கூடாத கேள்வி இது ஒன்றுதான்! அக்கினிக்குச் சுருக்கென்றது. 'என்னைத் தெரியாதா? நான் அக்கினி. உலகத்தில் இருப்பது எல்லாவற்றையும் எரித்துவிடுவேன்.' 'அப்படியா? சரி, இதை எரி' என்று ஒரு புல்லை எடுத்துப் போட்டான். ஒரே ஒரு புல். காய்ந்த புல்லா, பச்சைப் புல்லா என்று உபநிடதம் சொல்லவில்லை. பச்சை என்றே வைத்துக்கொள்வோம், அக்கினிக்கு ஒரு சலுகை. முழு வேகத்தோடு பாய்ந்தார். புல் கிடந்த இடத்தில் கிடந்தபடியே இருந்தது.

திரும்பி வந்து என்ன சொன்னார் தெரியுமா? 'அவன் யாரென்று தெரிந்துகொள்ள முடியவில்லை.' அவ்வளவுதான். புல்லைப் பற்றிப் பேச்சே இல்லை!

அடுத்து வாயு போனார். அதே கேள்வி. 'எதையும் தூக்கிக்கொண்டு போய்விடுவேன்' என்று அதே வீராப்பு. அதே புல். ஊதினார், கன்னம் உப்ப ஊதினார். நுனிகூட அசையவில்லை. அவரும் திரும்பி வந்து, 'யாரென்று தெரியவில்லை' என்றார். காற்றுக்கே அதிபதி, புல்லைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை!

முதலில் போனவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டாமவராவது தப்பித்திருப்பார். ஆனால் ஜெயித்தவனால் அதை மட்டும் சொல்ல முடியாது, நடுவர் அவர்களே. கடைசியில் இந்திரன் போனார். யட்சன் மறைந்துவிட்டான். அவர் அங்கேயே நின்றார். உமையவள் தோன்றியதும், 'அது யார்?' என்று கேட்டார். 'அது பிரம்மம், எல்லாவற்றுக்கும் மேலான பரம்பொருள். அதன் வெற்றியைத்தான் உங்கள் வெற்றி என்று கொண்டாடிக்கொண்டிருந்தீர்கள்' என்று பதில் வந்தது. கேட்டவருக்குத்தான் விடை கிடைத்தது.

இப்போது தம்பியின் கணக்குக்கு வருவோம். தோற்றவனுக்குத் தன்னம்பிக்கை வேண்டாமா? தாராளமாக வேண்டும், மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் தலைப்பு என்ன? வெற்றி வந்த வேளை! தம்பி 'மெய்வருத்தக் கூலி தரும்' என்று குறள் சொன்னார். அதே வள்ளுவர் 963ஆம் குறளில் என்ன சொல்கிறார்? 'பெருக்கத்து வேண்டும் பணிதல் சிறிய சுருக்கத்து வேண்டும் உயர்வு.' தாழ்ந்த நேரத்தில் நிமிர்ந்து நில், உயர்ந்த நேரத்தில் பணிந்து நில். அவர் எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டார், நடுவர் கையெழுத்துப் போட்டால் போதும்.

அப்புறம் அந்த பி.ஆர்.ஓ. பட்டம். நான் சம்பளம் வாங்காத பி.ஆர்.ஓ. என்னோடு வேலை பார்ப்பவர்கள் யார் தெரியுமா? ஐரோப்பிய இசைமேதை பாக். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள். உழைக்காத மனிதர் என்று சொல்ல முடியுமா? தன் இசைக் கையெழுத்துப் பிரதிகள் பலவற்றின் தொடக்கத்தில் 'இயேசுவே, உதவும்' என்றும், முடிவில் 'கடவுள் ஒருவருக்கே மகிமை' என்றும் பொருள்படும் முதலெழுத்துகளைப் போட்டுவைத்தார். இன்னொரு பி.ஆர்.ஓ. நம்ம ஏ.ஆர். ரகுமான். 2009இல் இரண்டு ஆஸ்கர் வாங்கிய இரவில், உலகமே பார்த்துக்கொண்டிருந்த மேடையில், 'எல்லாப் புகழும் இறைவனுக்கே' என்று தமிழில் சொன்னார். இப்படிப்பட்ட அலுவலகத்தில் எனக்கும் ஒரு நாற்காலி என்றால் கசக்குமா தம்பி?

கடைசியாக ஒன்று. தம்பி, நீங்கள் பேச எழுந்தபோது எல்லாரும் உங்களைப் பார்த்தார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். கைப்பையின் வாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. பி.ஆர்.ஓ. என்று நீங்கள் சொல்லி அரங்கமே சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தார். தெய்வம் வேண்டாம் என்று மகன் பேசுகிறான். அந்தப் பேச்சு நல்லபடியாக முடியவேண்டும் என்று தாய் தெய்வத்திடமே கெஞ்சிக்கொண்டிருக்கிறார்! எத்தனை வருடமாக எத்தனை பரீட்சைக்கு, எத்தனை காய்ச்சலுக்கு இப்படி உட்கார்ந்தாரோ, உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் ஒருத்தி இருந்தாள். இப்போது நான் ஜெயித்தாலும் சொல்ல ஆளில்லை.

பரிசு உங்களுக்கே வரட்டும் தம்பி. வந்தால் நேராக அவர் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் யாருக்கு முதல் நன்றி சொல்கிறார் என்று பக்கத்தில் நின்று கேளுங்கள். நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். வணக்கம்.