மரம் குடிக்கும் வண்ணம்

வணக்கம் நேயர்களே. வீட்டுப் பெயர்ப்பலகை செதுக்குவது என் தொழில். 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த செங்கோட்டைதான் எனக்கு ஊர். கேரள எல்லையிலுள்ள ஆரியங்காவுக்கு அப்பாலும் எங்களுக்கு உறவுகள் உண்டு. அதனால் ஒரே பலகையில் தமிழும் மலையாளமும் கேட்பார்கள். தேக்கு வாங்க இயலாதவர்கள் பைன் பலகையோடு வருவார்கள். பெரும்பாலும் சரக்குப் பெட்டியைப் பிரித்த பலகை. உளிக்கு இணங்கும் நல்ல மரம். வண்ணம் வைத்ததும் எழுத்தின் ஓரம் கசிகிறது என்பதுதான் எல்லோருக்கும் குறை.

தென்மலையிலிருந்து ஒருவர் அப்படியொரு பலகை கொண்டுவந்தார். வேறெங்கோ செய்தது. மலையாள எழுத்துகள் வட்டம் வட்டமாக இருக்கும் அல்லவா? ஒவ்வொரு வட்டத்துக்கும் மேலும் கீழும் ஓரம் துல்லியமாக இருந்தது. இடமும் வலமும் சிவப்பு மீசை முளைத்திருந்தது. "பெயின்ட் மட்டம்" என்றார் அவர். நான் பலகையின் ரேகையைக் காட்டினேன். அது இடமிருந்து வலமாக ஓடுகிறது. வட்டத்தின் இரு பக்கங்களிலும் உளி நாரைக் குறுக்கே வெட்டியிருக்கிறது. வெட்டுப்பட்ட நுண்குழல்கள் அங்கே திறந்து கிடக்கின்றன, வண்ணத்தை இழுத்துக்கொள்கின்றன. மேலும் கீழும் நார் படுத்திருப்பதால் அவ்வளவாக இழுக்காது. பெயின்ட் மேல் பழி இல்லை, நேயர்களே. ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள்.

அந்தத் திறப்புகளை அடைப்பதற்கு அரக்கே (ஷெல்லாக்) போதும். மெழுகு நீக்கிய அரக்குச் செதில், ஒரு லிட்டர் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் கரைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது. உப்புத்தாள் போட்டு, தூசியைப் பள்ளத்திலிருந்தும் தூரிகையால் தட்டியெடுத்துவிட்டு மெல்லிய ஒரு பூச்சு. ஒரு மணி நேரம் காய்ந்ததும் மென்மையான உப்புத்தாளால் ஒரு தடவல், மறுபடி ஒரு பூச்சு. குறுக்கு வெட்டுச் சுவர்களுக்கு மட்டும் மூன்றாவது. கணு இருந்தால் அதற்கும் மூன்றாவது. பிசின் அங்கிருந்துதான் மேலே வரும். மறுபடியும் சொல்கிறேன்: குறுக்கு வெட்டுச் சுவர்களுக்குக் கூடுதல் பூச்சு.

சாரல் காலத்தில் இதைச் செய்யாதீர்கள். காற்றில் ஈரம் மிகுந்தால் அரக்கு வெண்மையாகப் பூத்துவிடும். வெயில் வந்த முற்பகலுக்குக் காத்திருங்கள். கரைத்து நெடுநாளான அரக்கு சரியாகக் காயாது. கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். ஒட்டிக்கொண்டே இருந்தால் கொட்டிவிடுங்கள்.

பிறகு வண்ணம். நீர்க்கக் கரைக்காதீர்கள். தூரிகையில் கொஞ்சமாக எடுத்து, பள்ளத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். பலகையின் முகத்தில் வழிந்தாலும் பதற வேண்டாம். நன்றாகக் காய்ந்தபின் முகத்தை மட்டும் கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்தால் வழிந்தது போய்விடும், எழுத்து நிற்கும். உள்ளே கசிந்தது மட்டும் அப்படிப் போகாது. தென்மலைப் பலகையை இழைப்புளியால் ஆழமாக இழைத்து, எழுத்துகளை மறுபடி வெட்ட வேண்டியதாயிற்று.

நேரம் ஆகிவிட்டதென்று நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். வாசலில் மழை படும் பலகைக்கு அரக்கு மட்டும் போதாது. தேய்த்த முகத்துக்கு இன்னொரு முறை அரக்கிட்டு, முன்னும் பின்னும் வெளிப்புற வார்னிஷ் அடியுங்கள். மெழுகுள்ள அரக்கின் மேல் பல வார்னிஷ்கள் பிடிக்காமல் உரிந்துவிடும். மெழுகு நீக்கியதுதானா என்று கடையில் கேட்டே வாங்குங்கள். நன்றி, வணக்கம்.