உழக்காவது மிஞ்சட்டும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, விழாவுக்கு மண்டபம் தந்து உதவிய பெரியவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, பண்டிகை ஆர்டர்களை ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் தையல் சங்கத்துச் சகோதரிகளே, வணக்கம்.

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது’ என்பார்கள். ஏருக்குச் சொன்னது, கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷே வேலைக்கும் பொருந்தும்.

ஜமைக்காவில் வளர்ந்த ரேச்சல் ஸ்காட் 2021-ல் நியூயார்க்கில் ‘டியோட்டிமா’ என்ற ஆடை நிறுவனத்தைத் தொடங்கினார். 2023-ல் அமெரிக்க ஃபேஷன் வடிவமைப்பாளர் கவுன்சில் அவருக்கு வளரும் வடிவமைப்பாளர் விருது தந்தது. மறு ஆண்டே பெண்கள் ஆடைப் பிரிவின் விருதும் வந்தது. அவருடைய வடிவமைப்புக்கு ஊற்றுகள் மூன்று: வீட்டு டாய்லி, டான்ஸ்ஹால் என்னும் ஜமைக்கா இசைக்கு ஆடும் கூட்டத்து வலை பனியன், கச்சிதமான கோட்டுத் தையல்.

முதலில் டாய்லி. ஜமைக்கா வீடுகளின் முன்னறையில் கண்ணாடிச் சாமான்களுக்கு அடியில் விறைப்பாக நிற்கும் குரோஷே விரிப்பு அது. விறைப்பு எங்கிருந்து வருகிறது? கஞ்சிப்பசையும் போடலாம், சர்க்கரைப் பாகும் போடலாம். முக்கால் கப் சர்க்கரைக்குக் கால் கப் தண்ணீர். கரைந்து தெளிந்ததும் இறக்கிவிட வேண்டும். கொதிக்கக் கொதிக்க விட்டால் பழுப்பேறும். ஆறியதும் விரிப்பை முக்கி, முறுக்காமல் உள்ளங்கையில் ஒத்திப் பிழிந்து, கவிழ்த்த கிண்ணத்தின்மேல் போட்டு, ஓரத்து மடிப்புகளை விரலால் ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டும். முழுதாக ஒரு நாள் காய வேண்டும். காற்றில் ஈரம் இருந்தால் பிசுபிசுக்கும், எறும்பு வரும். கரும்புத் தீவு, சர்க்கரைக்குப் பஞ்சமில்லை! அந்த டாய்லியைத்தான் ஸ்காட் மேசையிலிருந்து எடுத்து உடம்பின்மேல் வைத்தார். பின்னுகிறவர்கள் ஜமைக்காப் பெண்கள்.

உடுப்பில் பாகு கிடையாது. அதனால் சிக்கல் வேறு. வட்டம் தட்டையாக வர, அமெரிக்க முறையில் ‘டபுள் குரோஷே’ எனப்படும் தையலில் முதல் சுற்றுக்கு 12 போட்டு, பிறகு சுற்றுக்கு 12 கூட்ட வேண்டும். குறைத்தால் கிண்ணம்போல் குழியும், மிகுந்தால் ஓரம் அலை அலையாகச் சுருளும். பருத்தி நூல் தன் பாரத்தாலேயே தொங்கி நீளும். ஆகவே ஒரு நாள் தொங்கவிட்ட பிறகுதான் நீளம் அளக்க வேண்டும். தோளில் துணிப்பட்டி கொடுத்துப் பாரத்தைத் தாங்க வைக்க வேண்டும்.

இப்போது கூலிக்கு வருகிறேன். குரோஷேயை அப்படியே போட்டுத்தரும் இயந்திரம் தொழிற்சாலைப் புழக்கத்தில் இல்லை. தனித்தனிப் பூக்களாகப் பின்னி இணைக்கும் ஓர் ஆடையில், ஒரு பூவுக்கு 40 நிமிடம் என்று வைத்தால் 60 பூவுக்கு 40 மணி நேரம். பூவுக்கு இரண்டு நூல்முனை, ஆக 120 முனைகளை ஊசியில் கோத்து, தையலுக்குள் முன்னும் பின்னுமாக ஓட்டி மறைக்க வேண்டும். அவசரத்தில் ஒட்ட வெட்டினால் முதல் துவைப்பிலேயே பூ பிரியும். உருப்படிக்கு இவ்வளவு என்னும் பீஸ் ரேட்டில் இந்த வேலைக்குக் காசு உண்டா சகோதரிகளே? பூக்களை ஒன்றோடொன்று இணைப்பதற்கு? பிரித்துப் பின்னுவதற்கு? உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது!

வலை பனியனையும் கோட்டுத் தையலையும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். தலைவர் மணி அடித்துவிட்டார், அவருக்குக் கட்டுப்படுகிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும்: நாளை முதல் உங்கள் ஆர்டர் சீட்டில் மூன்று கட்டம் போடுங்கள். பின்னிய நேரம், இணைத்த நேரம், முனை மறைத்த நேரம். மூன்றையும் கூட்டி, மணிக்கணக்கில் கூலி கேளுங்கள். நன்றி, வணக்கம்.